இருபத்தேழு அடி நாலு அங்குலம்

கன்னியப்பனுக்கும் சேதுவுக்கும் நீதிமன்றம் ஒரே தண்டனையைத்தான் கொடுத்தது. சிறைக் கட்டடத்தின் கிழக்கு வாசலில் நுழைந்து, நடைவழியைக் கடந்து, மேற்கு வாசலில் வெளியேற வேண்டும். அந்த ஊரில் எல்லாக் குற்றத்துக்கும் அதுதான் தண்டனை. நடைவழியின் நீளம் இருபத்தேழு அடி நாலு அங்குலம் என்று வாசலிலேயே பெயின்டில் எழுதியிருந்தது.

இருவரும் செய்த குற்றமும் ஒன்றுதான். ஏலம் விட்ட ஏரியில் மீன் பிடித்தார்கள். ஒரு வலை, அது சேதுவுடையது. மூன்று விரால். சேது கடைத்தெருக்காரன், செல்போன் கடை வைத்திருந்தான். கன்னியப்பன் ஏரிக்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவன், அரிசி மில்லில் மூட்டை தூக்கினான். ஐந்தாம் வகுப்பு வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதற்குப் பிறகும் சிநேகிதம் விட்டுப்போகவில்லை.

நீதிபதி நல்ல மனிதர்.

"சட்டத்துக்கு முன்னால கடைத்தெரு, ஏரிக்கரைன்னு கிடையாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நடங்க" என்றார்.

கன்னியப்பனின் மனைவி பூங்காவனம் பத்து மாதக் கைக்குழந்தையோடு மேற்கு வாசலுக்குப் போனாள். போகும்போது, "அரிசி ஊறவச்சுட்டு வந்திருக்கேன், வெரசா வந்துடு" என்று சொன்னாள்.

காலை பத்தரை மணிக்கு இருவரும் நுழைந்தார்கள். சேது பேசிக்கொண்டே நடந்தான். கடையில் காணாமல் போன ஒரு சார்ஜரைப் பற்றிய பேச்சு. பதினோராவது தப்படியில் அவன் மேற்கு வாசலைத் தாண்டி வெயிலில் நின்றான். சார்ஜர் எங்கே கிடைத்தது என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் ஆள் இல்லை.

கன்னியப்பனும் பதினோரு தப்படி வைத்திருந்தான். வாசல் முதலில் இருந்த தூரத்திலேயே இருந்தது. இன்னும் பதினொன்று வைத்தான். வாசல் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது. சாயங்காலம்வரை எண்ணினான். பிறகு எண்ணுவதை விட்டான்.

நடைவழியில் அவன் தனியாக இல்லை. முன்னாலும் பின்னாலும் நிறையப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ஏரிக்கரை ஆட்கள், குளத்துமேட்டு ஆட்கள், சுடுகாட்டுப் பாதை ஆட்கள். கடைத்தெரு ஆட்களும் வராமலில்லை. அவர்கள் "கொஞ்சம் வழி விடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். தேரடியில் பழைய பேப்பர் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மட்டும் இரண்டு மாதம் பிடித்தது. அவர் போகும்போது எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கன்னியப்பன் தன் பங்காளி ஏகாம்பரத்தை எட்டிப் பிடித்தான். ஒரே வயதுக்காரன்.

"நீ திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கிறதா உங்கம்மா சொல்லிச்சே" என்றான் கன்னியப்பன்.

"நானும் அப்படித்தான் நெனைச்சுக்கினு இருந்தேன்."

"வந்து எவ்ளோ நாளாவுது?"

"ஒம்பது வருசம்."

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"இருபத்தேழு அடி."

"என்னா கேசு?"

"எவனோ கோயில் உண்டியலத் தூக்கிட்டான். தூக்கினவன் கறுப்பா, ஒல்லியா இருந்தானாம்." ஏகாம்பரம் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "நான் கறுப்பா, ஒல்லியா இருந்தேன்."

கன்னியப்பனுக்குக் கால் வலித்தது.

"உக்காந்துட்டுப் போலாமா?"

"உக்காந்தா நீளுது. நின்னாலும் நீளுது. திரும்பிப் பாத்தா ரொம்ப நீளுது."

அதன் பிறகு கன்னியப்பன் உட்காரவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே சாப்பிட்டான். தூங்கவும் நடந்துகொண்டே பழகிக்கொண்டான். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துக்கொண்டால் சுவரில் இடிக்காமல் போகலாம்.

இடதுபக்கச் சுவரில் ஜன்னல்கள் இருந்தன. நெஞ்சு உயரத்தில், ஆள் முகம் அளவுக்கு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இவ்வளவு தூரம் என்று கணக்கில்லை. சில நாள் காலையில் ஒன்று, மதியம் ஒன்று வரும். சில சமயம் ஒரு மழைக்காலம் முழுக்க வெறும் சுவர்தான். ஜன்னல் வரும் நாளைப் பூங்காவனம் எப்படியோ தெரிந்துகொண்டாள். வெளியே வராந்தாவில் கூடவே நடந்து, கம்பி வழியாகத் தூக்குவாளியை நீட்டுவாள். ஒரு ஜன்னலுக்கு நாலு வார்த்தை பேசலாம்.

"பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிருக்குது."

அடுத்த ஜன்னலில் அவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். நாலு பல் இருந்தது. பிள்ளைக்கு நாகவல்லி என்று பெயர். ஒவ்வொரு ஜன்னலிலும் நாகவல்லி வேறு பிள்ளையாக இருந்தாள். ஒன்றில் மொட்டை. ஒன்றில் இரட்டைப் பின்னல். ஒன்றில் பூங்காவனத்தின் இடுப்பிலிருந்து இறங்கி, ஜன்னலுக்குக் கீழே நின்றதால் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. கன்னியப்பன் அந்த உச்சந்தலையிடம் "சாப்ட்டியா?" என்று கேட்டான். ஜன்னல் முடிந்துவிட்டது. அடுத்த ஜன்னல் நாற்பது நாள் கழித்து வந்தது. "சாப்ட்டேன்" என்று உச்சந்தலை சொன்னது.

இரண்டாம் வருடம் ஏகாம்பரத்துக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணை அவன் அம்மா வராந்தாவில் கூட்டிவந்தாள். முதல் ஜன்னலில் ஒரு முடிச்சுப் போட்டான். அடுத்த ஜன்னல் அன்றைக்கே வந்தது, இரண்டாவது முடிச்சுப் போட்டான். மூன்றாவது முடிச்சுக்கு ஜன்னல் வர எட்டு மாதம் ஆனது. அதுவரை அந்தப் பெண் தாலிக்கயிற்றின் இரு நுனிகளையும் கையில் பிடித்துக்கொண்டே மாடு கறந்தாள், நாற்று நட்டாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள். ஏரிக்கரையில் பாடை தூக்க ஆண்கள் இல்லாததால் அந்த எட்டு மாதத்தில் இரண்டு பாடைக்குத் தோளும் கொடுத்தாள்.

சேது சும்மா இருக்கவில்லை. மனு எழுதினான். மூன்றாம் வருடம் ஓர் இன்ஜினியர் டேப்போடு வந்தார். கன்னியப்பன் பக்கத்தில் வந்து, "இந்த நுனியப் புடிப்பா" என்றார். கன்னியப்பன் பிடித்துக்கொண்டான். அவர் மறு நுனியோடு விறுவிறுவென்று நடந்து வாசலை அடைந்தார்.

"இருபத்தாறு அடி ஆறு அங்குலம். மீதியெல்லாம் நீ நடந்துட்டே" என்று கத்தினார்.

"சார், நான் மூணு வருசமா நடக்குறேன்."

"டேப்புல அதெல்லாம் வராதுப்பா."

அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். டேப்பின் நுனி கன்னியப்பன் கையில் மேலும் இரண்டு மாதம் இருந்தது.

மனுவுக்குப் பதில் வந்தது. நடைவழி எல்லாருக்கும் ஒரே நீளம் என்றும், மனுதாரரின் நண்பருடைய நடையில் குறை இருக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. சேது அதை ஜன்னலில் படித்துக் காட்டினான். படிக்க ஏழு ஜன்னல் பிடித்தது.

பிறகு ஒருநாள் சேது மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்தான். பதினோரு தப்படியில் கன்னியப்பனை அடைந்தான்.

"வாடா, நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு வழி தெரியும்" என்றான்.

கன்னியப்பனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒன்றாக நடந்தார்கள். சேது இந்த முறை பேசவில்லை, எண்ணினான். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று என்று சொன்னபோது குரல் வெளியிலிருந்து கேட்டது. கன்னியப்பனின் உள்ளங்கையில் சேதுவின் சூடு மட்டும் இருந்தது. வாசலில் சேது தன் கையையே பார்த்தபடி நின்றான். பிறகு சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் ஜன்னலுக்கு வருவது குறைந்தது. அவன்மேல் கன்னியப்பனுக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கையை ஒரு வாரம் கழுவவில்லை.

ஏழாம் வருடம் தை மாதத்தில் வாசல் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. வெளியே ஒரு வேப்பமரம் இருப்பது தெரிந்தது. மரத்தடியில் சைக்கிள். சைக்கிளுக்கு மணி. அந்தச் சமயத்தில் ஏகாம்பரத்தின் முட்டி மடங்கியது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரு, கண்ணெதிர்ல இருக்குது" என்றான் கன்னியப்பன், நடந்துகொண்டே.

"நீ போ. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

"உக்காந்தா நீளும்ல."

"தெரியும்டா. நாந்தானே ஒனக்குச் சொன்னேன்."

குரல் ஏற்கனவே ஒரு பர்லாங்கு தள்ளிப் போயிருந்தது. கன்னியப்பனின் கழுத்து திரும்பப் பார்த்தது. அவன் தாடையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்துக்கொண்டான். அப்படியே நடந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை.

மேற்கு வாசலில் ஒரு குமாஸ்தா படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கடக்க எத்தனை நிமிசம் ஆச்சு?"

"ஏழு வருசங்க."

"நிமிசத்துக்குத்தான் கட்டம் இருக்கு." அவர் யோசித்தார். 'தாமதம், சொந்தக் காரணம்' என்று எழுதினார். "இனி வேலைக்குப் போற எடத்துல எல்லாம் இதைக் காட்டணும். கைரேகை வை."

வெளியே பூங்காவனம் நின்றாள். முன்நெற்றி நரைத்திருந்தது. பக்கத்தில் நாகவல்லி. எட்டு வயதாகப் போகிறது. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்த முகம்தான். குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள்.

"இவ்ளோ நாளு இது அந்தப் பக்கம் இருந்துச்சா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"ஆமா. அப்பா கால்."

மூவரும் நடந்தார்கள். கன்னியப்பன் வேகமாக, ஒரே சீராக நடந்தான். பேசுவதற்கு நிறைய இருந்தது. ஆனால் நாலு வார்த்தையில் ஒவ்வொரு பேச்சும் முடிந்துவிட்டது. பூங்காவனம் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

ரைஸ் மில்லைத் தாண்டி இடதுபக்கம் ஏரிக்கரைக்கு மண்பாதை பிரிந்தது. பூங்காவனமும் நாகவல்லியும் அதில் திரும்பினார்கள். கன்னியப்பன் நேராகப் போய்க்கொண்டிருந்தான்.

"இந்தாய்யா, இப்படி" என்று பூங்காவனம் கூப்பிட்டாள்.

அவனுக்குக் கேட்டது. குடியிருப்பின் புகைகூடத் தெரிந்தது. தோளைத் திருப்ப முயன்றான், தோள் திரும்பவில்லை. காலைத் திருப்ப முயன்றான், கால் நேராகவே விழுந்தது.

"எனக்குத் திரும்பத் தெரியல, பூங்காவனம்" என்றான்.

இருவரும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பூங்காவனம் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். பாரவண்டியைத் தள்ளுவது போலிருந்தது. விட்டுவிட்டாள்.

"சரி, நேராவே போவோம். எங்கியாச்சும் ரோடே வளையும்."

"எங்க வளையும்மா?" என்று நாகவல்லி கேட்டாள்.

"தெரியலடி. பாப்போம்."

வெயில் நடு உச்சிக்கு வந்திருந்தது. ரோடு இரண்டு பக்கமும் கருவேலம் புதரோடு கண்ணுக்கெட்டிய தூரம் நேராகக் கிடந்தது. நாகவல்லி கொஞ்ச தூரம் அப்பாவுக்கு ஈடுகொடுத்து ஓடினாள். பிறகு செருப்பைக் கழற்றி இடது கையில் எடுத்துக்கொண்டாள். வலது கையால் அவன் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.