நாகலூர்ப் பெட்டியில் வளர்ந்த அரசி

1

இக்கதை என் விருப்பத்தில் பிறந்ததன்று. சிறுவர் இதழொன்றின் ஆசிரியர், 'வருங்கால அரசி ஒருத்தியின் இளமைப் பருவம்' என்று பொருளையும் தாமே வகுத்து, ஆண்டு மலருக்கு ஒரு கதை கேட்டார். ஒப்புக்கொண்டேன். நாகலூரில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் மேசையை இட்டு, முறைப்படி தொடங்கினேன்:

"முன்னொரு காலத்தில், மாடமாளிகைகள் நிறைந்த நகரில், முத்துப் போன்ற பற்களும்

(கைவிடப்பட்டது. எந்த அரசியும் பற்களிலிருந்து தொடங்குவதில்லை.)

"குதிரையேற்றம் பயின்ற அச்சிறுமி

(இதுவும் வேண்டா. குதிரையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததை அடுக்குமொழியால் மூடுபவர்களை நான் மன்னித்ததில்லை.)

மூன்றாவது தொடக்கத்துக்கு எழுதுகோலைத் திறந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து ஓர் அலறல் கேட்டது.

"ஐயோ, ராணிய நசுக்கிப் போட்டீங்களே!"

2

அலறியவள் பக்கத்து வீட்டுச் சுகுணா. காப்பி எஸ்டேட்டில் வேலை பார்ப்பவள். பலாமரப் பொந்திலிருந்த தேனீக் கூட்டமொன்றைத் தன் கையாலேயே பிடித்துவந்து பெட்டியில் குடிவைத்திருந்தாள். அவள் கணவன் மாதேஷ், உதவுவதாக எண்ணித் தேனடைச் சட்டத்தைத் தூக்கி மறுபடி இறக்கியதில், ராணித் தேனீ இடுக்கில் சிக்கி இறந்துவிட்டது.

"ஏனுங்க, மெதுவா எறக்குங்கன்னு சொன்னனா இல்லீங்களா?"

"மெதுவாத்தான் எறக்குனன். அது ஏன் குறுக்க வந்துச்சு?"

"அது ஊட்டுக்குள்ள அது எங்க வேணா போகும். குறுக்க போனது நீங்கதான்."

மாதேஷின் தாய் வீராயி படியில் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "பூச்சி செத்ததுக்கு எழவு ஊட்டுல மாதிரி கத்துவ?" என்றாள்.

சில நாள்களில் சுகுணா என்னை அழைத்துக் காட்டினாள். அடையின் கீழ்விளிம்பில், மற்ற அறைகளினின்று வேறுபட்டு, நிலக்கடலை போலச் சில அறைகள் தொங்கின.*

"புது ராணி உள்ள வளர்றாங்க. நொம்ப மெல்லப் பேசுங்க."

என் நாயகி கிடைத்துவிட்டாள்.

* உவமைகளை நான் ஐயத்துடனேயே கையாள்வேன். எனினும் அவை நிலக்கடலையைப் போலத்தான் இருந்தன. வேறு வழியில்லை.

3

எழுதினேன்: "அவள் பிறப்பால் அரசியல்லள். வேலைக்காரத் தேனீக்கள் பிறக்கும் அதே வகை முட்டையிலிருந்தே அவளும் பிறந்தாள். செவிலியர் ஊட்டிய உணவே அவளை அரசியாக்கியது."

இதுவரை இடர் இல்லை. ஆனால், சில நாள் கழித்து அறையைக் கடித்து வெளிவந்ததும் அவள் செய்த முதற்செயல், அருகறைகளில் இன்னும் உறங்கிய தன் சகோதரிகளைக் கொட்டிக் கொன்றது. சிறுவர் மலரில் இதை எங்ஙனம் வைப்பது? 'சகோதரிகள் அயலூர் சென்றனர்' என்று எழுதினேன். பொய். அடித்துவிட்டுக் 'கொன்றாள்' என்று எழுதினேன். (குழந்தைகள் தாங்குவார்கள். பெற்றோர் கடிதம் எழுதுவார்கள்.)

அன்று மாலை வேலை முடித்து வந்த சுகுணா, "நம்ம ராணியப் பத்தி என்னங்க எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். உரக்கப் படித்தேன்:

"வெயில் தெளிந்த நண்பகலொன்றில் அவள் வாசலைக் கடந்து வான் நோக்கிப் பறப்பாள். அங்கே ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்பினால்தான் குடி தழைக்கும். இல்லையேல் கூட்டமே அழியும்."

சுகுணா எழுந்துவிட்டாள்.

"எப்படிங்கம்மா பறப்பா? எங்க ஊட்டுக்காரரு வாசலுக்குத் தகடு போட்டுட்டாரே!"

4

காட்டிலிருந்து பிடித்த கூட்டம் ராணியோடு ஓடிப்போவதுண்டு. அதைத் தடுக்கப் பெட்டி வாசலில் துளைத் தகடு பொருத்துவார்கள். வேலைக்காரத் தேனீ அத்துளையில் நுழையும். பருத்த ராணி நுழைய இயலாது. முதல் ராணியைத் தவறிக் கொன்ற மாதேஷ், இரண்டாமவளையும் இழக்கலாகாதென்று அதைப் பொருத்தியிருந்தான். (அவனைத் தீயவனாக்கினால் கதை எளிதாகும். ஆனால் ராணிக்குக் காயம் படாதபடி தகட்டின் விளிம்பை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். அவ்வெண்ணத்தை விட்டுவிட்டேன்.)

"கழட்டுனா ஓடிருவா புள்ள."

"கழட்டலீன்னா உள்ளயே கெழவியாயிருவாளுங்க."

"வெளிய தேனீயப் புடிச்சுத் திங்கற பஞ்சுருட்டான் குருவி காத்துக்கிட்டு இருக்குது. கொத்திட்டுப் போச்சுன்னா? மறுக்கா ஒருத்திய வளக்க முட்டை இருக்குதா?"

இல்லை. பழைய ராணி இட்டவையெல்லாம் பொரிந்து வளர்ந்துவிட்டன. இவள் போனால் மாற்று இல்லை. சுகுணாவின் பெட்டி வெறும் பலகையாகும்.

"நானுந்தான் பொறந்த ஊரு கரடியூர உட்டுட்டு இங்க வந்தன். ஓடிருவான்னு எனக்குத் தகடு போட்டீங்களா?"

"உனக்குப் போட்டிருந்தா எங்கம்மாவே பேத்து எறிஞ்சிருக்கும்."

"என்னைய எதுக்குடா இழுக்கற?" என்றாள் வீராயி.

மாதேஷ் ஆணிகளைத் தானே கழற்றினான்.

5

'பூ மழை' எனப்படும் கோடைமழை பெய்து காப்பிச் செடிகள் வெள்ளையாய்ப் பூத்திருந்த ஒரு நண்பகல். நாங்கள் பெட்டிக்குப் பக்கவாட்டில் அமர்ந்திருந்தோம். மின்கம்பியில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. அவ்வொழுங்கை வேறொரு நாளாயின் பாராட்டியிருப்பேன். திடீரென்று பின்னால் பேரொலி. வீராயி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு வந்தாள். குருவிகள் கலைந்தன.

"அம்மா, அவ பயந்துக்குவா!" என்றான் மாதேஷ்.

"ராணின்னா மேளம் கேட்டுத்தான்டா கெளம்பணும், சாமி."

ராணி வெளியே வந்தாள். மற்றவற்றினும் நீண்ட உடல். பெட்டியை நோக்கித் திரும்பி, வட்டமிட்டு, வட்டத்தைப் பெரிதாக்கி, காப்பிப் பூக்களுக்கு மேலே எழுந்தாள். பிறகு வெயில் மட்டுமே இருந்தது.

முதல் முடிவு: "அவள் திரும்பி வந்தாள், குடி

இரண்டாம் முடிவு: "அவள்

"அம்மா, அதுக்குள்ள எழுதிப் போடாதீங்க," என்று சுகுணா என் கையைப் பிடித்தாள். "வரட்டுங்க."

முன்பு இதழொன்றில் ஆசிரியையாக இருந்தபோது, முடிவில்லாக் கதைகளை எழுதியவரிடமே திருப்பி அனுப்பும் வழக்கம் எனக்கிருந்தது. ஆண்டு மலருக்கோ இன்று கடைசி நாள். எழுதுகோலை மூடிவிட்டேன்.

குருவிகள் மீண்டும் கம்பியில் வந்து அமர்கின்றன. வீராயிக்குக் கை வலிக்கிறதாம். தட்டும் கரண்டியும் இதோ, வாசகரே. கம்பியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.