ஏழாம் மாடியில் அடிக்காத மணி

தைவானின் தைனான் நகரில் அந்த மருத்துவமனையின் வைஃபை முழுவதும் யுன்-ரூவின் பொறுப்பு. ஏழாம் மாடியிலிருந்துதான் ஓயாத புகார். மதியம் பார்வையாளர் நேரத்தில், நடைபாதையின் நடுக்கூரையில் இருந்த வைஃபை பெட்டியை எழுபது எண்பது போன்கள் மொய்த்துக்கொள்ளும். இரு முனைகளிலும் இருந்த பெட்டிகள் சும்மா கிடக்கும்.

செவ்வாய்க்கிழமை அவள் சுமைப் பகிர்வை இயக்கினாள். பக்கத்துப் பெட்டியைவிட ஐந்து கருவிகள் கூடிவிட்டால், புதிதாக வருவதை நடுப்பெட்டி ஏற்காது. அது பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட வேண்டும். எத்தனை முறை மறுக்கலாம் என்ற கட்டத்தில் பத்து என்று போட்டாள். பார்வையாளர் இணைப்பு, செவிலியர் இணைப்பு என்று எந்தெந்த இணைப்புக்கு என்ற கட்டத்தில், 'அனைத்தும்'.

புகார் நின்றது. பிரிவுத் தலைவர் ஃபாங் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, முழங்கால் அறுவை முடிந்து பன்னிரண்டாம் அறையில் இருந்த வெங் என்ற முதியவர் படுக்கை மணியை இரண்டு முறை அழுத்தினார். யாரும் வரவில்லை. கழிப்பறைக்குத் தானே எழுந்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

அந்த மணி வைஃபை வழியாகச் செவிலியர் பெய்-ஷுவானின் கைப்போனில் ஒலித்திருக்க வேண்டும். மறுநாள் காலை போனைச் சோதிக்கப் போன யுன்-ரூவிடம் அவள் சொன்னாள்: "அடிக்கலக்கா. சத்தத்த நான்தான் கொறச்சு வச்சிருந்தேன்னு சொல்றாங்க. வெங் ஐயாவோட பொண்ணு எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வச்சுத் திட்டிட்டாங்க."

"போனை நான் பாக்குறேன். நீ உக்காரு."

போனில் கோளாறு இல்லை. கீழே வந்து பதிவைத் திறந்தாள். 3:31. முனை அறையிலிருந்து நடுப்பகுதிக்கு வந்த அந்தப் பழைய போன் நடுப்பெட்டியைக் கேட்டிருந்தது. மறுப்பு. வேறு பெட்டியைத் தேடத் தெரியாமல் அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருந்தது. பத்து மறுப்புகள். ஒரு நிமிடமும் எட்டு வினாடியும் அந்தப் போன் எதிலும் சேராமல் இருந்தது. அதற்குள்தான் வெங் இரண்டு முறையும் அழுத்தியிருந்தார்.

பதிவை அச்செடுத்துக்கொண்டு ஃபாங்கிடம் போனாள்.

ஃபாங் பதிவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பதிவை யாராவது உன்கிட்ட கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல சார்."

"அப்புறம் என்ன? அமைப்பை இப்பவே மாத்திடு. விசாரணையில நர்சுக்கு ஒரு எச்சரிக்கை குடுத்து முடிச்சிருவாங்க. நம்ம பிரிவை எதுக்கு நடுவுல இழுக்குற?"

"செவிலியர் இணைப்பை விலக்கி வச்சிருக்கணும் சார். நான்தான் 'அனைத்தும்'னு போட்டேன்."

"அதனாலதான் சொல்றேன், பேசாம இரு."

யுன்-ரூ செவிலியர் இணைப்புக்குச் சுமைப் பகிர்வை நிறுத்தினாள். ஒரே ஒரு குறியை எடுப்பதுதான். நான்கு வினாடி வேலை. ஞாயிறன்று அம்மா வைத்த மீன் கஞ்சி அவளுக்கு இறங்கவில்லை. திங்கள் காலை, பதிவின் அச்சுப் பிரதியுடன் விசாரணைக் குழுவின் அறைக்குப் போய், நடந்ததை வரிசையாகச் சொன்னாள்.

பெய்-ஷுவான்மீது இருந்த குற்றச்சாட்டு நீங்கியது. யுன்-ரூவின் பணிப்பதிவேட்டில் பெருந்தவறு என்று ஏறியது. ஃபாங் அவளிடம் வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

அந்த வாரம் மின்தூக்கி அருகே பெய்-ஷுவான் அவளை நிறுத்தினாள். "நன்றி சொல்லணும்னு தெரியுதுக்கா. ஆனா வரமாட்டேங்குது. சத்தத்த நானே கொறச்சிட்டேனோன்னு ரெண்டு நாளா என்னையே நான் சந்தேகப்பட்டேன்."

"சொல்ல வேண்டாம்," என்றாள் யுன்-ரூ.

அங்கிருந்து பன்னிரண்டாம் அறைக்குப் போனாள். கதவருகே வெங்கின் மகள் நின்றாள். யார் என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகியது.

"உள்ள வர வேண்டாம். நீங்க வந்து அழுதா, அப்பா உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சிடுவாரு. அவரு அப்படித்தான்."

"யாரும்மா அது?" உள்ளேயிருந்து கிழவரின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லப்பா. வைஃபை பாக்க வந்தவங்க."

"நல்லா வருதுன்னு சொல்லு," என்றார் அவர்.

யுன்-ரூ தலை குனிந்து வணங்கினாள். மகள் கதவை மெதுவாகச் சாத்தினாள்.