விட்டுப்போன பதிப்பு

கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசோக்குக்கு முந்தின நாள், மாலை நாலேகால் மணி. மென்பொருள் நிறுவன ஊழியை ஹாக்யோங் தன் சொந்த ஊருக்குப் போக வேண்டிய ரயில் ஆறு மணிக்கு. அதைத் தவறவிட்டால் வேறு ரயிலில் இடம் கிடைக்காது. ஆனால் மருத்துவமனைகளுக்கு அவள் அனுப்பிய மென்பொருளின் புதிய பதிப்பை ஒரு கணினியும் ஏற்கவில்லை.

கொரிய மொழியில் நான்கும் சாவும் ஒரே ஒலி என்பதால் அந்த எண்ணுக்குப் பயந்த நிறுவன இயக்குநர், கட்டட லிஃப்டில் நாலாம் மாடிக்கு F என்று இருப்பதுபோலவே, 3.4க்குப் பதிலாக 3.F என்று பெயர் வைத்திருந்தார். எழுத்தைக் கண்ட கணினிகள் அதை வெள்ளோட்டப் பதிப்பு என்று ஒதுக்கிவிட்டு, பழைய 3.3லேயே நின்றன.

"லிஃப்டுக்குப் புரியுது, இதுக்குப் புரியாதாம்மா?"

"லிஃப்ட்ல ஏறுறது மனுஷங்க சார்."

"வாய் மட்டும் நல்லாப் பேசுது. 3.5ன்னு மாத்திட்டுக் கிளம்பு," என்று சொல்லிவிட்டு இயக்குநர் முதலில் கிளம்பினார்.

அவள் மாற்றி அனுப்பினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடி, ரயில் படியில் கால் வைத்தபோது கைபேசி அடித்தது. பூசான் நகரத்திலிருந்து ஒரு மருத்துவமனைக்காரர்.

"மேடம், 3.3க்கு அப்புறம் நேரா 3.5 வந்திருக்கு, எங்களுக்கு நடுவுல 3.4 வரவே இல்லையே. அது வர்ற வரைக்கும் எல்லாக் கம்ப்யூட்டரையும் நிறுத்தி வெச்சிருக்கோம். எப்ப அனுப்புவீங்க?"