சின்ன அழகேசன்

"மனசு கஷ்டப்படாதீங்கண்ணே. அந்தப் புட்டியில இருக்கறது நீங்க இல்ல."

ஆராய்ச்சிக்கூடத்துச் சந்திரிகா இப்படிச் சொன்னதும், கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை மேசைமேல் வைக்கவும் மறந்து நின்றார் அழகேசன். பக்கத்தில் நின்ற மனைவி திலகத்துக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"நான் இல்லன்னா வேற யாரு?"

"யாரோ ஒரு பொம்பள."

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அழகேசனுக்குக் கழுத்தில் கட்டி வந்தது எண்பத்தாறாம் ஆண்டு. நிணநீர்ப் புற்று என்றார்கள். அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டைக் கோலாலம்பூரில் இந்தக் கூடத்துக்குக் கொடுத்தார்கள். மருந்துகளைச் சோதித்துப் பார்க்க, உடம்புக்கு வெளியே அந்தச் செல்கள் விடாமல் வளரவேண்டும். பத்தில் ஒன்றுகூடப் பிழைக்காது என்றாள் சந்திரிகா. இது பிழைத்தது. பிள்ளையில்லாத அழகேசன் அதற்குச் 'சின்ன அழகேசன்' என்று பேர் வைத்து, பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோல் முப்பதாம் நாள் கூடத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

"நோய்க்குப் போயி யாராச்சும் லட்டு குடுப்பாங்களா?" என்று திலகம் திட்டினாள்.

"கொல்ல வந்ததா இருந்தா என்ன புள்ள? நம்ம உடம்புல பொறந்ததுதான."

இப்போது குரோமோசோமைப் பார்த்தால் பெண்ணுடையது. பக்கத்துப் புட்டியில் வெளிநாட்டுக்காரி ஒருத்தியின் செல்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒரே உறிஞ்சு குழாயால் யாரோ சத்துநீர் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு சொட்டு போதும். அவை வேகமாக வளர்கிற சாதி, இவரை அமுக்கிவிட்டன.

திலகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"இருவத்திரண்டு வருசம் எங்கூட குடும்பம் நடத்துன மனுசன், மூணே மாசத்துல வேறொருத்திக்கு வீட்ட எழுதிக் குடுத்துட்டு ஓடிட்டீங்களே!"

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நம்மளோடது ஒன்னுமே மிஞ்சலியா?"

கலப்பதற்கு முன்பே அவர் செல்களை உறையவைத்த குழாய்கள் இரண்டு இருப்பதாகச் சந்திரிகா சொன்னாள். எடுத்து எழுப்பிப் பார்க்கலாம். ஆனால் உயிர் பிடிக்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அதன்பின் அவர் ஊரில் ஜெய்னுலாப்தீன் பாயின் தேநீர்க் கடைப்பக்கமே போகவில்லை. "புட்டிப் பிள்ள தவழுதாண்ணே?" என்று பாய் கேட்டால் என்ன சொல்வது? தே குடிக்க மோட்டார் சைக்கிளில் பக்கத்து ஊரான அசாம் ஜாவா வரை போய்வந்தார். முதல் குழாய் செத்துவிட்டது என்று தெரிந்த நாளில் சோறும் இறங்கவில்லை. அவருக்கு இன்னும் ஏழு மாதம்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? புட்டிக்காகத்தான் இருவரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது குழாயில் நான்காம் வாரம் செல்கள் கொத்துக்கொத்தாய்த் திரண்டன. இதிலும் அவள் கலந்திருந்தால்? யாருடையவை? அதைப் பார்க்கத்தான் மறுபடி போனார்கள். பார்க்கத் தைரியமில்லாமல் அழகேசன் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குரோமோசோம்களைப் படமெடுத்து, பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டி, சோடி சேர்த்து அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள் சந்திரிகா. ஒவ்வொரு துண்டும் புழு மாதிரி வளைந்து கிடந்தது.

"கடைசி ரெண்டத்தான் பாக்கணும்க்கா. ரெண்டும் நெட்டையா இருந்தா பொம்பள. ஒன்னு நெட்டை ஒன்னு குட்டைன்னா ஆம்பள."

தலைக்குமேல் மின்விசிறி. நெட்டைத் துண்டு ஒன்று அட்டையில் ஏறியது. மிச்சமிருந்ததைச் சந்திரிகா படத்திலிருந்து வெட்டி மேசையில் வைத்தாள். அரிசிக் குருணை அளவுதான் இருந்தது. காற்றில் அசைந்தது. திலகம் சட்டென்று இடக்கையை அதன்மேல் குடையாய்க் கவிழ்த்தாள்.

"என்ன புள்ள? யாரு அது?" கதவிடுக்கில் அழகேசனின் தலை.

வாயைத் திறந்தால் மூச்சுப் பட்டுப் பறந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். கவிழ்த்த கையை எடுக்காமல், வலக்கையை மெல்ல உயர்த்தி, தன் மேலுதட்டுக்கு மேலே இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினாள்.