வலப்பக்க ஸ்பீக்கர்

1979இல் நான் வத்தேகம தபால் கந்தோரில் கிளார்க். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன வால்வ் அம்ப்ளிபையர் ஒன்று என்னிடம் இருந்தது. சுவிட்சைப் போட்டால் கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சிவக்கும். சூடேறிய பிறகுதான் பாட்டு வரும். அந்தக் குரலுக்கு ஈடு கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன்.

மடவளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த மஹ்மூத் நானா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "நான் ட்ரான்சிஸ்டர்ல ஒண்டு செஞ்சிருக்கேன் ராஜலிங்கம். கேட்டுட்டுப் பேசுங்க" என்பார். பௌர்ணமிக்கு லீவு விடும் ஒரு போயா நாளில் அதைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரே ரெக்கோட், அதே இரண்டு ஸ்பீக்கர்கள். முதலில் என்னுடையதைப் போட்டோம், பிறகு அவருடையதை.

"சுத்தமாத்தான் இருக்கு நானா. ஆனா வலப்பக்கம் அமுங்கிக் கேக்குது."

அவர் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்டாத்தான் கேக்குது. ஒங்கட மெஷின்ல எப்படி?"

"அதுலயும் அப்படித்தான். அந்தப் பக்கத்து வால்வ் சரியில்ல. ரெண்டு தடவை மாத்திட்டேன்."

நானா ஊசியைத் தூக்கி மறுபடி பாட்டின் தொடக்கத்தில் வைத்தார். "கதிரையத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டி உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அதே பாட்டு. இதுவரை நன்றாகக் கேட்ட ஸ்பீக்கர் இப்போது அமுங்கிக் கேட்டது. இப்போது அதுதான் என் வலப்பக்கம். "குறை எந்த மெஷின்லயும் இல்ல நானா, என் வலக்காதுலதான்" என்றேன்.

குசினியிலிருந்து வந்த என் மனைவி பாலம்மா, "அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டா நீங்க திரும்புறதே இல்லைங்க. கோபமாக்கும்னு இருந்தேன்" என்றாள்.

நானா மெஷினை நிறுத்தினார். "நாளைக்கே கண்டிக்குப் போய்க் காதைக் காட்டுவோம். நானும் வாறேன்."

செவிப்பறைக்குப் பின்னால் சீழ் கோத்து எலும்பை அரிக்கத் தொடங்கியிருந்தது. வலி இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் மூளைவரை போயிருக்கும் என்றார் டொக்டர். ஒப்பரேஷன் முடிந்து எட்டு நாள் வார்டில் கிடந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் நானா கடையைப் பூட்டிவிட்டு, தன் மனைவி கைரியா கட்டிக்கொடுத்த சோற்றோடு வந்து நின்றார். தன் அம்ப்ளிபையரையும் எங்கள் வீட்டிலேயே விட்டிருந்தார்.

மூன்று மாதத்தில் கேட்கும் சக்தி பெருமளவு திரும்பியது. ஒரு ஞாயிறு காலை இரண்டு மெஷின்களையும் மாற்றி மாற்றிப் போட்டேன். ட்ரான்சிஸ்டரில் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, பிசிறில்லாமல் விழுந்தது. வால்வில் பாடுகிறவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எதை விடுவது என்று தெரியவில்லை. பாலம்மா வலப்பக்கமிருந்து, "தேத்தண்ணி ஆறுது" என்றாள். உடனே திரும்பினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே மடவளைக்குப் போனேன். கடை வாசலிலேயே நானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன ராஜலிங்கம், என்ட மெஷின் பழுதாகிட்டா?" என்று பதறினார்.

"இல்ல நானா. ரெண்டு பக்கமும் கேக்குது."

அவர் என் கையை விடவே இல்லை.