இரண்டு மணிச் சங்கு

மே மாத வெயிலில் முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு நிற்கிற பைத்தியம் ஓசூரில் நான் ஒருத்திதான். உள்ளே மணிக்கட்டில் செல்லியின் பல் பட்ட இடம் எரிந்தது. தோல் கிழியவில்லை, கன்றியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அருணாக்கா கண்ணில் பட்டால் செல்லி எனக்கில்லை.

செல்லிக்கு ஐந்து வயது. பர்கூர் பக்கம் மூடிப்போன கல்குவாரியில் கிடந்தவளை மீட்டு, நான்கு மாதம் கெலமங்கலத்தில் தன் வீட்டில் வைத்துத் தேற்றியவர் அருணாக்கா. நாய்களுக்கு வீடு தேடித் தருகிற குழுவில் இருக்கிறார். "ஒரு வாரம் வச்சிப் பாரு சத்யா. எட்டாம் நாளு வருவேன். ஒத்து வரலன்னா நானே கூட்டிக்கினு போயிடறேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

உசிலம்பட்டியிலிருந்து வேலைக்கு வந்து மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறேன். ஒரு வாரமாகத்தான் ராத்திரி வேலை முடிந்து வந்து காலையில் கதவைத் திறந்தால் ஓர் உயிர் எழுந்து வருகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.

வீட்டுக்குப் பின்சுவரே தொழிற்சாலை. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் சங்கு ஊதியதும் செல்லிக்கு என்னமோ ஆகிவிடும். பாய்ந்து என் கையைக் கவ்வுவாள். மூன்றாம் நாள் பயந்து நாற்காலி மேல் ஏறி நின்றேன். துப்பட்டாவைப் பிடித்து இழுத்து என்னைக் கீழே தள்ளிவிட்டாள்.

சங்குக்கு முன்னால் அருணாக்காவை அனுப்பிவிட வேண்டும். அவரோ ஒன்றே முக்காலுக்கு வந்து, டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"நல்லா சாப்புடறாளா?"

"சாப்புடுறாக்கா." பொய். தட்டு நிறையச் சோறு அப்படியே இருந்தது.

"என்னாத்துக்கு இப்பிடி வேர்க்குது உனக்கு? இந்த வெயில்ல முழுக்கை வேற."

"பஸ்ஸுக்கு நேரமாகலையாக்கா?" என்றேன். அவர் முகம் மாறியது. அப்போது சங்கு ஊதியது.

செல்லி என் கையைக் கவ்வினாள். துணி கிழிந்து, கன்றல் வெளியே தெரிந்தது. அருணாக்கா எழுந்துவிட்டார். செல்லி விடவில்லை. தரையோடு என்னைக் கட்டில் பக்கம் இழுத்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டே அவள் இழுத்த இழுப்புக்குக் கட்டிலுக்கு அடியில் போனேன். உடம்பெல்லாம் நடுங்க என்மேல் ஒட்டிக்கொண்டாள்.

பிறகு அருணாக்காவைப் பார்த்தாள். அத்தனை நடுக்கத்தோடும் வெளியே போய், அவர் சேலை முந்தானையைக் கவ்வி இழுத்தாள்.

"அய்யோ சத்யா!" அருணாக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "குவாரில வெடி வைக்கறதுக்கு முன்னால சங்கு ஊதுவாங்க. எல்லாரும் ஓடி ஒதுங்கணும். எங்க ஊட்டுப் பக்கம் சங்கே இல்லியா, எனக்குத் தெரியாமப் போச்சே."

அவரும் தவழ்ந்து உள்ளே வந்தார். மூன்று பேரும் படுத்துக் கிடந்தோம். செல்லி காதை விறைத்துக்கொண்டு, வராத வெடிக்காகக் காத்திருந்தாள். ஒரு வாரமாகத் தினமும் இப்படித்தான் காத்திருந்திருக்கிறாள். அவளையா நான் கடிநாய் என்று நினைத்தேன்!

கைக்கெட்டிய ட்ரங்குப் பெட்டியில் டமாரென்று ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

செல்லி துள்ளினாள். பெருமூச்சு விட்டாள். முதல் ஆளாக வெளியே போய்ச் சுற்றிலும் பார்த்துவிட்டு, எங்களைக் கூப்பிடத் திரும்பி வந்தாள்.