இத்வல் முந்திக்கொண்ட அடி

தேவாலயத்தில் புது இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் நெஸ்டா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேல்ஸ் மலையூர்களில் குரலைப் பார்த்துத்தான் பெஞ்சு. பெண்களின் உச்சக்குரல் இடப்பக்கம், ஆண்களின் அடிக்குரல் வலப்பக்கம். நெஸ்டாவின் குரல் எதிலும் சேராது, அதனால் நாற்பது வருஷமாகக் கடைசி பெஞ்சு. எது எந்தக் குரல் என்று பிரித்துச் சொல்லவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம், இதே கோயிலில் நடந்த ஒரு பழைய பாட்டுத் திருவிழாவின் கேசட் ஓடியாக வேண்டும்.

பாட்டு முடிந்ததும் நடத்துநர் கையைத் தூக்கினால்தான் கடைசி அடியைத் திரும்பப் பாடுவார்கள். கேசட் பதிவான அன்றைக்குக் கை எழும்புவதற்குள் பஸ் டிரைவர் இத்வல், நெஸ்டாவின் புருஷன், தன்னந்தனியாக ஆரம்பித்துவிட்டான். பாதி அடியில் குரலை விழுங்கிக்கொண்டான். கோயிலே சிரித்தது. இத்வல் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவன் குரல் வேறெதிலும் இல்லை.

அந்தக் கேசட்டைத்தான் நடத்துநர் குவிலிம் இந்தப் புது இசைத்தட்டாக மாற்றுவதற்காக வாங்கிப் போயிருந்தான்.

பாட்டு முடிந்தது. நெஸ்டா கண்ணை மூடினாள். தட்டில் இடைவெளியே இல்லாமல் முன்னூறு பேரும் கடைசி அடியைத் திரும்ப முழங்கினார்கள்.

அவள் எழுந்துவிட்டாள். "நிறுத்துடா! எங்கடா அவரு?"

"யாரு நெஸ்டாக்கா?" என்றான் தட்டை ஓட்டிக்கொண்டிருந்த குவிலிம்.

"முந்திப் பாடுவாரே, என் வீட்டுக்காரரு!"

"அட, அந்தத் தப்பா? சுத்தமா எடுத்தாச்சுக்கா. வெளியூர்க்காரங்க கேப்பாங்கல்ல? அவரு மானத்தைக் காப்பாத்திருக்கோம்!"

"மானமா? என் கேசட்டைக் குடு."

குவிலிம் காதைச் சொறிந்தான். "தட்டுதான் வந்துருச்சேன்னு... குப்பையில போட்டுட்டேன்."

உச்சக்குரல் பக்கமிருந்து கேட்ரின் முணுமுணுத்தாள். "சங்கீதம் தெரியாதவங்ககிட்டப் பேசி என்ன ஆகப்போவுது?"

"ஆமாடி, தெரியாது! முன்னூறு குரல்ல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதைப் பாத்து நறுக்கிருக்கீங்களே, சங்கீதம் தெரிஞ்ச மகராசிங்க!"

விறுவிறுவென்று போய், அடிக்குரல் பெஞ்சில் இத்வலின் இடத்தில் உட்கார்ந்தாள். "திரும்பப் போடு."

போட்டான். பாட்டு முடியும் இடத்தில், "இப்ப நிறுத்து" என்றாள்.

நிறுத்தினான். அந்த அமைதியில் நெஸ்டா வாயைத் திறந்தாள். கரகரவென்று, சுருதி எங்கோ, அவள் எங்கோ. பாதி அடி. அவன் விழுங்கிய அதே இடத்தில் விழுங்கினாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் குவிலிமின் கையையே முறைத்துக்கொண்டிருந்தாள். அது பொத்தானுக்கு மேலே, எழும்பவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றது.